"பரவாயில்லை" என்று சொன்னதெல்லாம் எழுதப்பட்டிருந்தது

2020 அக்டோபர் 15, வியாழக்கிழமை. நியூஜெர்சியில் குளிர் தொடங்கியிருந்தது. கொரோனாவோடு ஃப்ளூவும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரம். வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பார்மசியில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள நுழைந்தேன். நான் போட்டிருந்தது இறுக்கமான முழுக்கைக் குர்த்தி. முழங்கைக்கு மேலே சுருட்ட வரவில்லை. கழுத்துப் பக்கமாகக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள், போதும் என்றார் ஊசி போட்டவர். நான் தாழ்வான நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் நின்றபடியே போட்டார். தோள் எலும்பின் விளிம்பை ஒட்டி, ஒரு விரல் இடைவெளிகூட இல்லாத இடத்தில் ஊசி இறங்கியது. சுரீர் என்றது. "வலிக்கிறதா?" என்று கேட்டார். "பரவாயில்லை" என்றேன்.

மறுநாள் அமாவாசை. ராத்திரி கொலுப்படி கட்டி பொம்மைகளை எடுத்து வைக்க உட்கார்ந்தோம். கீழ்ப் படிகளில் வைத்துவிட்டேன். தசாவதார செட்டை மேல் படியில் வைக்கக் கையைத் தூக்கினால், இடது கை தோள் மட்டத்துக்கு மேலே போகவே இல்லை. பொம்மையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயமாகிவிட்டது. மேல் இரண்டு படிகளையும் என் கணவர்தான் வைத்து முடித்தார். தூங்கப் போகுமுன் கும்பகோணத்தில் இருக்கும் அக்காவுக்குக் கொலுப் படத்தோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினேன்: "கொலு வெச்சாச்சு. மேல் படியெல்லாம் அவர்தான் வெச்சார். நேத்து ஃப்ளூ ஊசி போட்ட இடது கையைத் தூக்கவே முடியல அக்கா." நல்லெண்ணெயைச் சுட வைத்துத் தடவு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று பதில் வந்தது.

அன்றைக்கு அரைத்தூக்கத்தில் தட்டிய அந்த மூன்று வரிகள்தான், நான்கு வருடம் கழித்து என் நஷ்டஈட்டு வழக்கின் முக்கியமான சாட்சியாக நின்றன. டாக்டர்களிடம் நான் சொன்னதை எல்லாம் சேர்த்தாலும் அந்த மூன்று வரிக்கு ஈடாகவில்லை. ஏன் என்று விளக்கத்தான் இதை எழுதுகிறேன். நம்மில் நிறையப் பேருக்கு வலியைத் தாங்கிக்கொண்டு சிரிக்கிற பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கம் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எப்படிப் பதிவாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு நாளில் சரியாகவில்லை. இரண்டு வாரத்திலும் ஆகவில்லை. தீபாவளிக்குப் புடவை கட்டியபோது முந்தானையை இடது தோளில் போட்டுப் பின் குத்த முடியவில்லை. வலது கையால் முந்தானையை எடுத்து வந்து தோளில் வைத்துவிடலாம். மடிப்பைப் பிடித்துக்கொள்ள இடது கை மேலே வர வேண்டுமே, அது வரவில்லை. பெண்ணைக் கூப்பிட்டுப் பின் குத்தச் சொன்னேன். அப்புறம் அவளுக்குத் தலை பின்னிவிடுவதும் நின்றது. இடது பக்கம் படுத்தால் ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும்.

டாக்டரிடம் போகவில்லை. கொரோனா பயம் ஒரு காரணம். தானாகப் போய்விடும் என்ற எண்ணம் இன்னொன்று. டிசம்பரில் தைராய்டு மாத்திரைச் சீட்டைப் புதுப்பிக்க வீடியோவில் டாக்டரைப் பார்த்தேன். "வேறு ஏதாவது தொந்தரவு இருக்கிறதா?" என்று கேட்டார். பத்து நிமிட அழைப்பில் தோள் கதையை எங்கே ஆரம்பிப்பது என்று "வேறொன்றும் இல்லை" என்றேன். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

2021 ஜனவரியில் நேரில் போனபோதுதான் சொன்னேன். நல்லவேளையாக "ஃப்ளூ ஊசி போட்டதிலிருந்து" என்று சொன்னேன், அதுவும் பதிவானது. ஃபிசியோதெரபிக்கு அனுப்பினார். அங்கே முதல் நாள் கொடுத்த படிவத்தில் "வலி எப்போது தொடங்கியது?" என்ற கேள்விக்கு, யோசிக்காமல் "நவம்பர்" என்று எழுதிவிட்டேன். தீபாவளிப் புடவைதான் மனதில் இருந்தது. கையை முன்பக்கமாகத் தூக்கினால் 180 டிகிரி வர வேண்டும், எனக்கு 95 வந்தது. எட்டு வாரம் போனேன். ஒவ்வொரு தடவையும் என் பங்குக்கு 40 டாலர். மார்ச்சில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. அந்தப் பெண் அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தவர், கடைசி நாளில் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டபோது அவர் மனம் குளிர வேண்டும் என்று "ரொம்பவே பரவாயில்லை, நன்றி" என்றேன். "90 சதவீதம் குணம், இலக்குகள் நிறைவேறின" என்று முடிப்பறிக்கை எழுதப்பட்டது. அன்று வீட்டுக்கு வந்து மேல் அலமாரியிலிருந்து துவரம்பருப்பு டப்பாவை வலது கையால்தான் எடுத்தேன்.

கோடையில் வலி திரும்ப ஏறியது. செப்டம்பரில் எலும்பு மருத்துவரிடம் போய் எம்.ஆர்.ஐ. எடுத்ததில், தோள் மூட்டுக்கு மேலே இருக்கும் நீர்ப்பையில் வீக்கமும், மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போயிருப்பதும் தெரிந்தன. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டுவிட்டு, ஊசி போட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னார். காட்டினேன். "சிர்வா என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்றார். தடுப்பூசி செலுத்திய முறையால் வரும் தோள் காயத்துக்கு அமெரிக்காவில் சொல்லும் சுருக்கப் பெயர் அது.

அவர் சொன்னது இதுதான். தடுப்பூசி இறங்க வேண்டிய இடம் மேற்கையின் டெல்டாய்டு தசை. தோள் முனை எலும்பைத் தடவிப் பார்த்து, அதற்கு இரண்டு மூன்று விரல் அகலம் கீழே, தசை பருத்திருக்கும் இடத்தில் நேராகக் குத்த வேண்டும். அதற்கு மேலே குத்தினால் மருந்து தசைக்குப் பதில் அந்த நீர்ப்பைக்குள்ளோ மூட்டுக்குள்ளோ போய்விடலாம். உடம்பு அங்கே மருந்தை எதிர்த்துக் கிளம்ப, வீக்கம் வருகிறது. சட்டையைக் கழுத்து வழியாக இறக்கினால் தெரிவது தோளின் மேல்பகுதி மட்டும்தான். உட்கார்ந்திருப்பவருக்கு நின்றுகொண்டு போட்டாலும் கை தானாக மேலே போகும். என் விஷயத்தில் இரண்டும் நடந்திருந்தன. மருந்தில் குறை இல்லை, குத்திய இடத்தில்தான் குறை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் என் கதையைக் கேட்ட சிலர் "இதற்குத்தான் தடுப்பூசியே வேண்டாம் என்கிறோம்" என்றார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. ஒவ்வொரு வருடமும் போட்டுக்கொள்கிறேன், பெண்ணுக்கும் போடுகிறேன்.

நஷ்டஈடு என்று ஒன்று இருப்பதே 2022 வசந்தத்தில்தான் தெரிந்தது. அலுவலகத்தில் ஒரு தோழி சொன்னாள். அமெரிக்க காங்கிரஸ் 1986-இல் இயற்றிய சட்டத்தின்படி, 1988-இல் தொடங்கிய தேசியத் தடுப்பூசிக் காயம் இழப்பீட்டுத் திட்டம் அது. அதில் வருகிற ஒவ்வொரு தடுப்பூசியின் விலையிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வரி பிடித்து ஒரு நிதியில் போட்டு வைக்கிறார்கள். காயம்பட்டவர்களுக்கான பணம் அந்த நிதியிலிருந்து வருகிறது. ஊசி போட்டவர் மீதோ தயாரித்த கம்பெனி மீதோ நேரடியாக வழக்குப் போட முடியாது, முதலில் இந்த வழியாகத்தான் வர வேண்டும். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. பெருந்தொற்று நேரத்தில் நாள் முழுக்க நின்று ஊசி போட்ட ஒருவரைக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. காகிதத்தில் எதிர்மனுதாரர் அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர். அவருக்காக வாதாடுவது நீதித்துறை. வழக்கு நடப்பது வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் கோர்ட்டில். ஜூரி கிடையாது, ஸ்பெஷல் மாஸ்டர் என்று அழைக்கப்படும் நடுவர்தான் தீர்ப்புச் சொல்கிறார்.

சிர்வா 2017 மார்ச்சில்தான் அந்தத் திட்டத்தின் அட்டவணையில் சேர்ந்தது. அட்டவணையில் இருப்பது பெரிய அனுகூலம். நிபந்தனைகளைக் காட்டிவிட்டால் ஊசியால்தான் வந்தது என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தத் தோளில் முன்பு வலியோ வீக்கமோ இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் கை அசைவுக் குறைவும் அந்தத் தோளோடு நிற்க வேண்டும். அதை விளக்கக்கூடிய வேறு நோய் இருக்கக் கூடாது. இவற்றோடு, பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியில் தங்கி அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனு போட்டாக வேண்டும். எனக்கு 2023 அக்டோபர் வரை நேரம் இருந்தது. மூன்று வருடம் கழித்து வந்து நிற்பவர்களுக்கு வக்கீல்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

நம் ஆட்கள் என்னிடம் அடிக்கடி கேட்பவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடியுரிமை தேவையில்லை, ஊசி அமெரிக்காவில் போட்டிருந்தால் போதும். அதனால் விசாவில் இருப்பவர்களும், ஊரிலிருந்து வந்து பேரப்பிள்ளைக்காகத் தடுப்பூசி போட்டுக்கொண்ட அப்பா அம்மாவும்கூட மனு செய்யலாம். ஃப்ளூ, டெட்டனஸ், ஹெப்படைட்டிஸ் பி போன்றவை இதில் வரும். பெரியவர்களுக்குப் போடும் அக்கி தடுப்பூசி வராது. கோவிட் தடுப்பூசிக்கு வேறு திட்டம். அதில் கெடு ஒரே ஒரு வருடம், வலிக்கும் வேதனைக்கும் பணம் கிடையாது, வக்கீல் செலவும் தருவதில்லை. எந்த ஊசியால் வந்தது என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அது வேண்டாத பயம். இந்தத் திட்டத்தில் வக்கீல் நம் தொகையிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அவர் கட்டணத்தைக் கோர்ட் தனியாக நிர்ணயித்து அதே நிதியிலிருந்து கொடுக்கிறது. நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போட்ட வழக்கு என்றால், தோற்றாலும் அவருக்குப் பணம் வரும். 400 டாலரைச் சற்றுத் தாண்டிய கோர்ட் கட்டணத்தையும் என் வக்கீல் அலுவலகமே கட்டியது. சாதாரண விபத்து வழக்கு வக்கீலைப் பிடிக்காமல், தடுப்பூசி வழக்குகளையே நடத்துபவரைத் தேடினேன். அவர்கள் நாடு முழுவதும் எடுத்து நடத்துகிறார்கள். நான் அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

மருத்துவப் பதிவுகளைச் சேர்க்க ஐந்து மாதம் பிடித்தது. ஊசிக்கு மூன்று வருடம் முன்பிருந்து எல்லா டாக்டர்களின் பதிவும் கேட்டார்கள். சில இடங்களில் என் பெயரும் அப்பா பெயரும் இடம் மாறியிருந்தன, ஒரு இடத்தில் இனிஷியல் மட்டும் குடும்பப் பெயராக இருந்தது. எல்லாம் ஒரே ஆள்தான் என்று தனியாக எழுதிக் கொடுத்தேன். பார்மசிப் பதிவு வந்த அன்றுதான் உண்மையில் கலங்கிப்போனேன். ஊசி போட்ட இடம்: வலது கை. கணினியில் எதையும் மாற்றாமல் விட்டால் அப்படித்தான் பதிவாகும் போலிருக்கிறது. எனக்கு வலியோ இடது தோளில். இப்படித் தவறான கை பதிவாவது இந்த வழக்குகளில் அடிக்கடி நடப்பதுதான், பிந்தைய மருத்துவப் பதிவுகளை வைத்து நடுவர்கள் அதைத் திருத்திப் பார்ப்பதுண்டு என்று வக்கீல் சமாதானம் சொன்னார். ஆனாலும் அன்று ராத்திரி தூங்கவில்லை.

2022 ஆகஸ்டில் மனு போட்டோம். அப்புறம் நீண்ட காத்திருப்பு. சுகாதாரத் துறை மருத்துவர்கள் கோப்பைப் படிக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. 2024 தொடக்கத்தில் அரசின் பதில் அறிக்கை வந்தது. படித்தபோது என் வாயால் நான் சொன்ன ஒவ்வொரு "பரவாயில்லை"யும் எனக்கு எதிரே வரிசையாக நின்றது. டிசம்பரில் டாக்டரிடம் வேறு தொந்தரவு இல்லை என்றிருக்கிறார். ஃபிசியோ படிவத்தில் நவம்பரில் வலி தொடங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். ஆகவே 48 மணி நேரம் நிரூபணமாகவில்லை. மார்ச்சில் 90 சதவீதம் குணமாகிவிட்டது. ஆகவே ஆறு மாதம் நீடிக்கவில்லை. அவருடைய மூன்று மாத சர்க்கரை அளவு 6.1, சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஃப்ரோசன் ஷோல்டருக்கு அதுவே காரணமாக இருக்கலாம். கடைசியாகச் சொன்னது நம் சமூகத்தில் எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர்கள் பொய் எதுவும் எழுதவில்லை. நான் சொன்னதைத்தான் எழுதியிருந்தார்கள்.

பதில் சொல்ல எங்களிடம் இருந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். முதலாவது அக்காவுக்கு அனுப்பிய செய்தி. தமிழில் இருந்ததால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, தேதியும் நேரமும் தெரியும்படி தாக்கல் செய்தோம். 48 மணி நேரத்துக்குள், இடது கை, ஃப்ளூ ஊசி — மூன்றும் அதில் இருந்தன. என் கணவர் பிரமாணப் பத்திரத்தில் கொலு என்றால் என்ன, எத்தனை படி, மேல் படிக்கு நான் ஏன் கை தூக்க வேண்டியிருந்தது என்று ஒரு பத்தி எழுதினார். கொலுப் படத்தையும் இணைத்தோம். இரண்டாவது, 2021 மே மாத வருடாந்திரப் பரிசோதனை. எல்லாம் முடிந்து கதவருகே நின்றுகொண்டு "தோள் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை டாக்டர்" என்று போகிற போக்கில் சொல்லியிருந்தேன். அதை அவர் ஒரே வரியில் பதிந்திருந்தார். ஊசி போட்டு ஏழு மாதம். அந்த வரி இல்லாவிட்டால் ஆறு மாத நிபந்தனையிலேயே வழக்கு விழுந்திருக்கும் என்று வக்கீல் வெளிப்படையாகச் சொன்னார். சர்க்கரை விஷயத்துக்கு எலும்பு மருத்துவர் கடிதம் கொடுத்தார்: 6.1 அளவில் இருக்கும் ஒருவருக்கு, ஊசி குத்திய அதே தோளில், குத்திய மறுநாளே தொடங்கிய வலியை அந்த அளவு விளக்காது என்று.

அதற்குப் பின் சமரசப் பேச்சு தொடங்கியது. இந்தத் திட்டத்தில் வழங்கப்படும் இழப்பீடுகளில் சுமார் 60 சதவீதம் சமரசத்தில்தான் முடிகின்றன. வலிக்கும் வேதனைக்கும் சட்டப்படி உச்சவரம்பு 2,50,000 டாலர். தோள் வழக்குகள் பெரும்பாலும் அதன் பக்கத்தில்கூடப் போவதில்லை. அறுவை சிகிச்சை ஆனவர்களுக்குத் தொகை கூடும். எனக்கு நடந்தது இரண்டு ஸ்டீராய்டு ஊசியும் இரண்டு சுற்று ஃபிசியோவும்தான். கோர்ட்டின் தளத்தில் முந்தைய தீர்ப்புகள் யாரும் படிக்கலாம்படி இருக்கின்றன. ராத்திரிகளில் அவற்றைப் படித்தேன். தலை வார முடியாமல் போனவர்களும், பின்னால் கொக்கி மாட்ட முடியாதவர்களும், குழந்தையைத் தூக்க முடியாதவர்களும் அதில் இருந்தார்கள். எனக்கு மட்டும்தான் இப்படி என்று இரண்டு வருடம் நினைத்திருந்தது அங்கேதான் கரைந்தது. நியாயமான தொகை எது என்ற கணக்கும் அந்தத் தீர்ப்புகளிலிருந்துதான் பிடிபட்டது.

நாங்கள் 80,000 கேட்டோம். அரசு 30,000-இல் தொடங்கியது. நான்கு சுற்றுக்குப் பிறகு 47,500 டாலரில் வந்து நின்றது. என் கணவர் விடக்கூடாது, நடுவரே முடிவு செய்யட்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் யோசித்தது வேறு: நடுவர் முன் போனால் கூடுதலாகக் கிடைக்கலாம், ஆனால் அந்த "நவம்பர்" என்ற ஒரு வார்த்தையால் மொத்தமும் போகவும் செய்யலாம். மேலும் ஒரு வருடம் இதையே தூக்கிச் சுமக்க வேண்டும். வக்கீலிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "உங்கள் அக்காவாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?" "வாங்கிக்கொள்ளச் சொல்வேன்" என்றார். ஒப்புக்கொண்டேன்.

கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், ஊசியால்தான் காயம் வந்தது என்பதை அரசு மறுக்கிறது, இருந்தாலும் வழக்கை முடிக்க இரு தரப்பும் சம்மதிக்கின்றன என்ற வாசகம் இருக்கும். அதைப் படித்தபோது மனது சுருக்கென்றது. யாராவது ஒருவர் "ஆமாம், உங்களுக்கு இப்படி நடந்தது" என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. சமரசத்தில் அது கிடைக்காது. கையெழுத்துப் போடும் முன்பே அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். இன்னொன்று, முடிவு பொதுவில் வெளியாகும், பெயரும் தொகையும் அதில் இருக்கும். ஏதாவது மறைக்க வேண்டுமானால் 14 நாளுக்குள் கேட்க வேண்டும். கேட்டாலும் பெயரை மறைப்பது சுலபமில்லை. சொந்தக்காரர்கள் தேடிப் பார்ப்பார்களே என்று முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம், அந்தத் தளத்தில் மற்றவர்களின் பெயர்களைப் படித்துத்தானே எனக்குத் தைரியம் வந்தது என்று விட்டுவிட்டேன்.

2024 அக்டோபரில் முடிவு வந்தது. மேல்முறையீடு வேண்டாம் என்று இரு தரப்பும் எழுதிக் கொடுத்ததால் தீர்ப்பு உடனே பதிவானது. பணம் கைக்கு வர 2025 பிப்ரவரி ஆனது.

இப்போது டாக்டரிடம் போகும்போது ஒரு சின்னத் தாளில் எழுதிக்கொண்டு போகிறேன்: எந்தத் தேதி, எந்தப் பக்கம், எதைச் செய்ய முடியவில்லை. "வலி இருக்கிறது" என்பதைவிட "மேல் அலமாரி டப்பாவை எடுக்க முடியவில்லை" என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். பார்த்துவிட்டு வந்த அன்று மாலையே ஆன்லைன் கணக்கில் குறிப்பைப் படித்துவிடுவேன். தவறு இருந்தால் அன்றைக்கே திருத்தச் சொல்லி எழுதுகிறேன். அம்மா இங்கே வந்திருந்தபோது அவரோடு டாக்டரிடம் போனேன். "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று அம்மா சொல்ல ஆரம்பித்ததும், "அம்மா, படியேறும்போது முழங்கால் என்ன செய்யும்னு சொல்லு" என்றேன். சொன்னார்.

போன அக்டோபரில் ஃப்ளூ ஊசிக்குப் போனபோது கையில்லாத சட்டை போட்டு, மேலே ஸ்வெட்டரோடு போனேன். நீங்களும் உட்கார்ந்து போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஊசி போட்ட பெண் சரி என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், தோள் முனையைத் தடவி விரல் வைத்து அளந்தார். முடிந்ததும், எந்தக் கை என்று பதிந்திருக்கிறீர்கள், பார்க்கலாமா என்றேன். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வலது கை என்று இருந்தது. இந்தத் தடவை போட்டதும் வலது கையில்தான்.